முடியாத விளையாட்டுப் பீரியட்

அந்தப் பெண்கள் பள்ளியில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் தொடங்கிய விளையாட்டுப் பீரியட் ஒரு வாரம் ஆகியும் முடியவில்லை. காலண்டரில் அது இன்றும் ஒரே நாளாகத்தான் இருக்கிறது. வெயில் தண்ணீர்த் தொட்டியின் தோளுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. வாட்ச்மேன் மணியை ஓங்கி அடித்துப் பார்த்தார், சத்தம் வரவில்லை. சுத்தியலை மாற்றியும் வரவில்லை. வங்கியை மூட நேரம் வராததால் காசாளர் கவுண்டரிலேயே சாய்ந்து தூங்கினார். கடைசிப் பஸ் எது என்று தெரியாமல் கண்டக்டர்கள் எல்லாப் பஸ்ஸையும் ஓட்ட வைத்தார்கள். ஜனங்கள் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுத் தூங்கிப் பழகிக்கொண்டார்கள்.

காரணம் ஊருக்கே தெரியும். பல வருஷங்களாக விளையாட்டுப் பீரியட் தொடங்கும்போதெல்லாம் கணக்கு டீச்சர் சாக்பீஸோடு வந்து நிற்பார். “போர்ஷன் முடியல, உக்காருங்க.” நல்ல மனுஷி, தொண்டை கிழியப் பாடம் நடத்துகிறவர். அந்த வெள்ளிக்கிழமை தொண்டை நிஜமாகவே கட்டிக்கொண்டதால் லீவு போட்டார். விளையாட்டு டீச்சர் ஸ்டோர் ரூமைத் திறந்து பந்துக்குக் காற்றடித்தார். பிள்ளைகள் மைதானத்தில் கால் வைத்ததும், இத்தனை காலம் எடுத்துக்கொள்ளப்பட்ட பீரியட் எல்லாம் ஒட்டுமொத்தமாகத் திரும்பி வந்துவிட்டது. இதைவிடச் சரியான விளக்கம் யாரிடமும் இல்லை.

முதலில் என்ன செய்வது என்று தெரியாமல் சுவரோரம் கைகோத்து நின்றவர்கள், பிறகு ஓட ஆரம்பித்ததும் நிற்கவே இல்லை. விளையாடினார்கள், அம்மாக்கள் கொண்டுவந்ததைச் சாப்பிட்டார்கள், வராந்தாவில் தூங்கினார்கள், எழுந்து மறுபடி விளையாடினார்கள். ஊமைக்கோட்டான் என்று பட்டப்பெயர் வாங்கியவள் “பாஸ் பண்ணுடி!” என்று கத்தியது பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது. ஒதுங்கி நின்ற ஒருத்தி புதிதாக மைதானத்தில் இறங்கும்போதெல்லாம் பள்ளிக் கடிகாரத்தின் முள் ஒரு துளி நகர்ந்ததை வாட்ச்மேன்தான் கண்டுபிடித்தார். கடைசியில் தையல்காரர் மகள் ஒருத்திதான் பாக்கி.

எட்டாம் வகுப்புக்காரியான அவள் மற்றவர்களின் செருப்புக்குக் காவலாகப் படியில் உட்கார்ந்திருந்தாள். ‘வயசுப் பொண்ணு நாலு பேர் பாக்க ஓடக் கூடாது, நாலு மணிக்கு வீட்ல இருக்கணும்’ என்பது அப்பாவின் சட்டம். மைதானத்தைப் பார்த்துப் பார்த்து அவள் கண் வீங்கியிருந்தது. கடைக்காரர்கள் தையல் கடையில் வந்து நின்றார்கள். “மாஸ்டர், உங்க பொண்ணால ஊரே விழுந்து கிடக்கு. கொஞ்சம் விட்டுக் குடுங்க.”

“சூரியன் நின்னா நிக்கட்டும். எம்பொண்ணு ஓட மாட்டா” என்றவர், அவளைக் கையோடு கூட்டிவரப் பள்ளிக்குப் போனார்.

“வாம்மா வீட்டுக்கு.”

“நாலு மணிக்குத்தானேப்பா வரச் சொன்னீங்க? இன்னும் ஆகலையே.”

சொந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்ட தையல்காரர் பார்வையைத் தாழ்த்தினார். அப்போதுதான் பார்த்தார்: உட்கார்ந்தபடியே அவள் கால் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன.

“எப்பலேருந்து இப்படி ஆடுது?”

“ஆறாவதுலேருந்து. ராத்திரி தூக்கத்துலயும் ஆடும்.”

அவருக்கு மகள் மேல் உயிர். சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, படியில் உட்கார்ந்து, அவள் சீருடைப் பாவாடையை நடுவில் பிடித்து நூல் ஓட்டிக் கால்சட்டையாக்கினார். “தடுக்காது இனிமே. போ.”

அவள் போனாள். அவள் கிளப்பிய புழுதி, மைதானத்தைச் சுற்றி அவள் திரும்பி வந்த பிறகும் காற்றிலேயே நின்றது. தையல்காரர் தன்னை மறந்து கை தட்டினார். முள் நாலைத் தொடப் போய், தொடாமல் நின்றது. கூட்டம் தலையில் கை வைத்துக்கொண்டது. இனி யார்?

சாப்பாட்டுத் தூக்கோடு கேட்டருகே நின்ற தையல்காரர் மனைவி, “இதக் கொஞ்சம் பிடிங்க” என்று அதைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு உள்ளே நடந்தார். அவரும் படித்தது அதே பள்ளிதான், அவருடைய விளையாட்டுப் பீரியடை எடுத்துக்கொண்டதும் அதே கணக்கு டீச்சர்தான். பின்னாலேயே நர்ஸ் போனார், காய்கறிக்காரி போனார், பேரப்பிள்ளையை யாரிடமோ நீட்டிவிட்டுத் தபால்காரரின் மாமியார் போனார். கடைசியாகக் குரல் எழும்பாத கணக்கு டீச்சரும் தலையைக் குனிந்தபடி வந்தார். அந்தப் பள்ளியில் படித்த காலத்தில் அவருக்கும் ஒரு கணக்கு டீச்சர் இருந்திருக்கிறார். பிள்ளைகள் ‘ஹோ’வென்று கத்தி அவரைத் தங்கள் அணிக்கு இழுத்துக்கொண்டார்கள்.

தாயும் மகளும் எதிரெதிர் அணி. மகளிடமிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு தாய் தலையை நிமிர்த்திச் சிரித்தபடி ஓடியதைத் தையல்காரர் வேலியோரம் நின்று பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. “இவ இப்படிச் சிரிப்பான்னு எனக்கு யாருமே சொல்லலையே” என்றார் பக்கத்தில் நின்ற வாட்ச்மேனிடம். மணி தானாகவே அடித்தது, யாரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. இருட்டிப் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை ஆடினார்கள்.

அன்றிலிருந்து அந்த ஊரில் வெள்ளிக்கிழமை மெதுவாகத்தான் இருட்டுகிறது. மின்சார அலுவலகம் தெருவிளக்கைத் தாமதமாகப் போடுகிறது; வீடு பார்க்க வருகிறவர்களிடம் தண்ணீர் வரும் நேரத்தோடு இதையும் சொல்லிவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை உலை வைப்பது தையல்காரர்தான். சோறு இன்னும் குழைந்துதான் போகிறது. வியர்த்து வழிந்தபடி வந்து உட்காரும் இரண்டு பேரும் அதைக் கவனிப்பதே இல்லை. யார் போட்ட கோல் செல்லாது என்பதில்தான் அவர்களுக்குச் சண்டை.