ஏலாது, ஏலாது

கட்டைபறிச்சானிலிருந்து என் தங்கை கீர்த்தனி பிள்ளையோடு என் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நான்கு மாதப் பிள்ளைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. வாயை அகலத் திறந்து, முகம் சிவக்க அழுதான். ஆனால் சத்தம் வரவில்லை.

"எப்ப தொட்டு இப்பிடி?"

"வெறும் சளித் தடிமனாக்கும் எண்டு இருந்திட்டன், அக்கா."

வாயில் வந்தபடி அவளைத் திட்டிக்கொண்டே ஓட்டோவை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

பிள்ளையைப் பார்த்த டொக்டர் சிங்களப் பெண், என்னைவிட இளையவர். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை செய்வதால் எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அவர் பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், வயிற்றை அமத்திப் பார்த்தார். பிறகு, தாய் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது இது என்ன கேள்வி என்று எனக்கு எரிச்சல் வந்தாலும் மொழிபெயர்த்தேன்.

கீர்த்தனி நிமிர்ந்து பதில் சொன்னாள். "பத்தியம் ஒரு நாளும் பிசகேல்லை. தீட்டின பச்சையரிசியைக் கழுவி வடிச்சு, மிளகு சீரகம் அரைச்ச சரக்குக் குழம்போட மட்டும்தான். மீன் இல்லை, பருப்பு இல்லை, கீரை இல்லை."

எங்கள் பக்கத்தில் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்தால் பத்தியமும் மெல்லத் தளரும். இவள் விடவே இல்லை. மூத்த பிள்ளை இதே வயதில் போய்விட்டான். பத்தியத்தில் விட்ட குறைதான் அது என்று யாரோ சொன்னதை மனதில் போட்டுக்கொண்டு, இவனை அப்படிக் காத்தாள். மிட்வைஃப் மிஸ்ஸி வீடு தேடி வந்து எல்லாம் சாப்பிடச் சொன்னபோது ஓம் ஓம் என்று தலையாட்டியிருக்கிறாள்.

டொக்டர் இரத்தப் பரிசோதனை வரும்வரை காத்திருக்கவில்லை. உடனே ஊசி போட்டார். ஒரு விற்றமின், அவ்வளவுதான். அரிசியைத் தீட்டும்போது போவது அதுதானாம். தாயின் பாலில் அது இல்லாவிட்டால் பிள்ளையின் இதயம் களைத்துவிடுமாம், குரலும் அடைத்துவிடுமாம்.

"இந்த வருத்தத்துக்குப் பேர் பெரிபெரி," என்றார். "உங்களுக்குத் தெரிஞ்ச சிங்களச் சொல்தான்."

எனக்குப் பிடிபடவில்லை. அவர் ஒரு கடதாசித் துண்டில் ஆங்கிலத்தில் எழுதி, கீழே சிங்களத்தில் எழுதினார். பார்த்ததும் மெய் சிலிர்த்தது. கச்சேரியில் நாளும் பொழுதும் நான் சிங்களத்தில் சொல்லும் சொல், இரண்டு தரம். தமிழில் என்றால், ஏலாது. ஏலாது, ஏலாது. வாயை அகட்டிச் சொல்லும் அதன் முதல் உயிரொலிக்குத் தமிழில் எழுத்தில்லை, ஆங்கிலத்திலும் தனி எழுத்தில்லை. வெள்ளைக்காரரோடு சொல் கப்பலேறியபோது அது 'பெ' ஆகிவிட்டது. வேறு கதைகளும் உண்டு, தங்களுக்குப் படிப்பித்தது இதுதான் என்றார் டொக்டர்.

இந்தத் தீவில் யாரோ ஒருவர் எழும்பப் பார்த்து, கால் வராமல், ஏலாது, ஏலாது என்றிருக்கிறார். அந்த மனிதரின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் அவருடைய முனகலை உலகம் முழுக்க டொக்டர்மார் இன்றைக்கும் எழுதுகிறார்கள். கோயிலில் கூட எனக்கு அப்படிக் கை கூப்பத் தோன்றியதில்லை.

தங்கைக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அவள் துண்டைப் பார்க்கவில்லை.

"மூத்தவனும் கடைசியா இப்பிடித்தான், அக்கா. வாய் மட்டும் திறந்தது."

என்ன சொன்னாள் என்று டொக்டர் கேட்டார். வாய்காரி என்று பெயரெடுத்த நான் அதைச் சிங்களத்தில் சொல்லி முடிக்க இரண்டு தரம் தொடங்க வேண்டியிருந்தது. டொக்டர் எழும்பி வந்து அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் பிள்ளையின் மூச்சிழுப்புத் தணிந்தது. பால் குடித்தான். ஒரு ஊசி! நான் அவனுடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணெடுக்க மனம் வரவில்லை. குரல் திரும்பக் கொஞ்ச நாள் எடுக்கும் என்றார்கள். கீர்த்தனிக்கும் ஊசி போட்டார்கள். பருப்பும் மீனும் போட்ட சோற்றைக் பிள்ளையைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டாள்.

சில நாள் கழித்து ஒரு காலை, இடியப்பப் பார்சலோடு வார்ட்டுக்குள் நுழைந்தபோது, எண்ணெய் காணாத கேற்றைத் திறப்பதுபோல ஒரு கரகரத்த சத்தம் கேட்டது. ஓடினேன். பிள்ளை வீரிட்டு அழுதுகொண்டிருந்தான். கீர்த்தனி அவனை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"பாலைக் குடடி! ஏன் பிள்ளையை அழ விடுறாய்?"

கண்ணீர் வழிய அவள் என்னைப் பார்த்தாள்.

"கொஞ்சம் அழட்டும், அக்கா."