தம்பியைத் தூக்கப் பழகிய நாலு பேர்

தம்பி பெயின்டர். ஏறி நின்ற மூங்கில் சாரம் சரிந்து கீழே விழுந்ததில் முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அக்கா தையற்காரி. தைத்துக்கொண்டே அவனைப் பார்த்துக்கொள்ள வசதியாக, தையல் மிஷின் இருந்த முன்னறைக்கே அவன் கட்டிலை மாற்றினாள். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, சக்கர நாற்காலியில் ஏற்றுவது எல்லாம் அவள் ஒருத்திதான். வேறு யாரையும் கிட்டே அண்டவிடவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் பார்க்க வந்தால் தூங்குகிறான் என்று வாசலோடு அனுப்பிவிடுவாள். பழைய சிநேகிதர்கள் முன்னால் தம்பி கூனிக்குறுகக் கூடாது என்பது அவள் கணக்கு.

ஒரு நாள் காலையில் அவனைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவனை விட்டுவிடாமல் அணைத்தபடியே சறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடி எதுவும் படவில்லை. ஆனால் இரண்டு பேராலும் எழுந்திருக்க முடியவில்லை. தம்பி கட்டில் மேல் கிடந்த போனை எட்டி எடுத்தான்.

"யாரையும் கூப்பிடாதடா. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்றாள்.

"அவங்க வந்தப்பல்லாம் நான் தூங்கலக்கா" என்றான் தம்பி. "வாசல்ல அவங்க குரல் கேட்டுட்டேதான் இருந்தேன்."

அவன் தன் பெயின்ட் வேலை மேஸ்திரிக்குப் போன் போட்டான்.

மேஸ்திரியும், கூட வேலை பார்த்த நெட்டை என்கிற உயரமான பையனும் தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு ஓடிவந்தார்கள். முதலில் அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பிறகு தம்பியின் தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர் என்று பிடித்துத் தூக்கினார்கள். இடுப்பு வலியிலும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அவன் என்ன ஏணியா? கீழ வையுங்க. நான் சொல்றபடி தூக்குங்க."

அக்குளுக்கடியில் கைகொடுத்து மார்போடு எங்கே சேர்த்துப் பிடிப்பது, முழங்காலுக்கடியில் எப்படித் தாங்குவது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். சொன்னபடி செய்ததும், தம்பி பூப்போலக் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தான். "ஏம்மா, இவ்வளவு நாளும் இதை நீ ஒத்தையாவா செஞ்ச?" என்று கேட்டார் மேஸ்திரி. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே மேஸ்திரி தன் ஆட்களிடம் பேசிவிட்டார். வேலைக்குப் போகுமுன் ஒருவர், வேலை முடிந்து ஒருவர் என நாலு பேர் முறைவைத்து வரத் தொடங்கினார்கள். குதிகால் சிவந்திருக்கிறதா என்று பார்க்க, படுக்கை விரிப்பைச் சுருக்கம் விழாமல் விரிக்க, பக்கம் மாற்றிப் படுக்கவைக்க எல்லாவற்றையும் அவளே சொல்லிக்கொடுத்தாள். நெட்டை மட்டும் நாலு முறை திட்டு வாங்கினான். ஐந்தாவது முறை அவன் தம்பியை நாற்காலியில் ஏற்றியபோது அவளுக்குக் குறை கண்டுபிடிக்க எதுவுமில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. மதியத்தில் படுத்துத் தூங்கவும் ஆரம்பித்தாள்.

மாதம் ஒருமுறை வரும் நர்ஸ் அவன் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, படுக்கைப் புண் ஒன்றுகூட இல்லையே, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார்.

"எங்க அக்கா" என்றான் தம்பி. "இப்ப கூட நாலு பேரு இருக்காங்க. அவங்களையும் தயார் பண்ணது அக்காதான்." சாரம் சரிந்த நாளிலிருந்து அப்படியொரு மிடுக்கை அவள் அவன் குரலில் கேட்டதில்லை.

வீட்டில் நோயாளியை வைத்துப் பார்ப்பவர்கள் ஆஸ்பத்திரி மாடியில் கூடுவதாகவும், அவளும் வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார் நர்ஸ். நெட்டையை வீட்டில் விட்டுவிட்டு அவள் போனாள். அங்கே தன்னைப் போலவே கண்ணுக்கடியில் கருத்துப்போயிருந்த முகங்களைப் பார்த்ததுமே பாதி பாரம் இறங்கியது. அப்பாவை வைத்துப் பார்க்கும் ஒரு பெண், உதவி கேட்கக் கூச்சமாக இருக்கிறது, வருகிறவர்களுக்கும் ஒன்றும் தெரிவதில்லை என்று அழுதாள்.

"தெரியாமத்தான் வருவாங்கம்மா" என்றாள் அக்கா. "முதல்ல தப்புத் தப்பாத்தான் செய்வாங்க. நமக்கு மட்டும் பொறக்கும்போதே தெரியுமா? திட்டிக்கிட்டே சொல்லிக்குடு, கத்துக்குவாங்க."

அடுத்த வாரம் அந்தப் பெண் தன் வீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டாள். தூக்கிக் காட்ட ஆள் வேண்டுமென்று அக்கா நெட்டையையும் கூட்டிக்கொண்டாள். தம்பியோடு மேஸ்திரி இருந்தார். அவள் தெருவில் இறங்கி நடக்க, பையைச் சுமந்துகொண்டு நெட்டை பின்னாலேயே போனான். எங்கே கிளம்பிவிட்டார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் விசாரித்தார்.

ஜன்னலோரம் நாற்காலியில் இருந்த தம்பி தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "எங்க அக்கா கிளாஸ் எடுக்கப் போகுது."