பூதம் போடும் சத்தம்

என் வீட்டுக்காரர் சினிமாப் படங்களுக்குச் சத்தம் தயாரிப்பவர். அவர் கேரட்டை முறித்தால் திரையில் எலும்பு முறியும். ஈரத் துண்டைப் பிழிந்தால் யாருக்கோ கழுத்து திருகும். எங்கள் வீட்டில் காய்கறி வாங்குவது சமையலுக்கு மட்டுமல்ல.

அப்போது ஒரு சிறுமியின் கெட்ட கனவுக்குள் நடக்கும் படம் கையில் இருந்தது. அந்தக் கனவில் ஒரு பூதம். அது வருமுன் ஒரு சத்தம் வர வேண்டும். இவர் பதினோரு சத்தம் அனுப்பினார். பதினொன்றையும் "பயமே வரலையே" என்று டைரக்டர் திருப்பிவிட்டார். மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்கு வேறு கவலை. எங்கள் ஆறு வயது மகள் ஒரு மாதமாகத் தூக்கத்தில் அலறிக்கொண்டு எழுந்தாள். என்ன கனவென்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டாள். இவரிடம் சொன்னேன். பெற்றவருக்குக் கவலை வரவில்லை, யோசனை வந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோமே என்கிற முகம்.

மறுநாள் காலை, ரொட்டி தின்றுகொண்டிருந்தவளிடம் போய் உட்கார்ந்தார்.

"கண்ணு, உன் கனவுல வர்ற பூதம் எப்படிச் சத்தம் போடும்?"

அவள் யோசித்துவிட்டு, "ஸ்ஸ்...ப்" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சைக்கிள் பம்பு, சோடா பாட்டில், ஈரச் செருப்பு என்று மூன்று நாள் முயன்றார். எல்லாவற்றையும் கேட்டு அவள் இல்லையென்று தலையாட்டினாள். நான்காம் நாள் வெறுத்துப்போய், வீட்டிலேயே இருக்கும் தன் ஒலிப்பதிவு அறைக் கதவை இழுத்துச் சாத்தினார். வெளிச்சத்தம் உள்ளே வரக் கூடாதென்று அந்தக் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டியவரும் அவர்தான்.

ஸ்ஸ்...ப்.

அதையே பதிவு செய்து அனுப்பினார். டைரக்டருக்கு மயிர்க்கூச்செறிந்ததாம். இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மகளைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டாள்.

"இதுதானே கண்ணு? அப்புறம் பூதம் என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. நீ உள்ள இருப்பே. நான் கத்திக்கிட்டே இருப்பேன். உனக்குக் கேக்காது."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "அப்பா வேலையா இருக்கார், தட்டாதே" என்று நாளைக்குப் பத்துத் தடவை சொன்னது நான்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே என் சமையல் கத்தியை எடுத்துப்போய் ரப்பர் பட்டையைப் பிய்த்தெறிந்தார். கத்தி வீணாய்ப் போனது. அதன்பிறகு அவர் பதிவு செய்த கோட்டைக் காட்சி முழுக்க எங்கள் வாஷிங் மெஷின் ஓடியது. மகள் இன்னும் என் பக்கத்தில்தான் படுக்கிறாள், ஆனால் அலறுவதில்லை.

போன வாரம் டைரக்டர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"சார், காட்டு சீன்ல ஒரு குழந்தை தூரத்துல 'அப்பா'ன்னு கூப்பிடுது. படத்துலயே அதுதான் பயங்கரம்! அப்படியே விட்டுடலாம்."

"வேண்டாம், எடுத்துடுங்க. அது படத்துக்கு இல்ல. என்னைக் கூப்பிட்டது."

"புரியல சார்?"

அதற்குள் கூடத்திலிருந்து மறுபடி, "அப்பா!"

போனை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு, "என்னம்மா?" என்று எழுந்து போனார். டைரக்டர் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டே இருந்தார். எனக்கு நன்றாகவே கேட்டது. நான் எடுக்கவில்லை.