கேட்டு முன்னால் ஆள் இல்லை

படத்தில் எல்லாமே இருந்தன. கடற்கரைச் சாலையின் விளக்குக் கம்பங்கள், கிடங்கின் ஓட்டுக் கூரை, பூட்டிய இரும்புக் கேட், அதன் பக்கவாட்டில் கரையோரம் கட்டியிருந்த தோணிகள், தொலைவில் முயல் தீவுக் கலங்கரை விளக்கம். தோணிகள் அலையில் ஆடிக்கொண்டிருந்ததால் அவற்றின் பாய்மரங்கள் மட்டும் புகைபோலக் கலங்கியிருந்தன. மற்றவை பகலில்கூட அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்காது. ஆள் மட்டும் ஒருவர்கூட இல்லை.

அதை எடுத்தவர் சுதர்சனம். கிரேட் காட்டன் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருந்தார். பூர்வீகம் தென்திருப்பேரை. பாஸ்போர்ட் படமும் கல்யாணப் படமும்தான் பிழைப்பு. 1958 தை மாதம் ஒரு கப்பல் ஏஜென்சி, காலண்டருக்காகத் தன் கிடங்கையும் துறைமுகத்தையும் சேர்த்து இரவில் ஒரு படம் கேட்டது. அவர் பெரிய பெட்டிக் கேமராவையும் முக்காலியையும் கை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்.

கேட்டின் ஓரமாக ஸ்டூலில் காவல்காரர் பிச்சையா உட்கார்ந்திருந்தார். ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். காலடியில் லாந்தர்.

"ஸ்டூலையும் லாந்தரையும் உள்ளே வச்சுடும் பிச்சையா. இந்தப் படத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம் லென்ஸைத் திறந்து வைக்கணும். லாந்தர் அசைஞ்சா வெள்ளைக் கோடா விழும்."

"அப்ப நான் எங்கன போவ? கேட்ட விட்டு நகரப்படாதுன்னு மானேசர் உத்தரவுல்லா."

"எங்கேயும் போக வேண்டாம். கேட்டு முன்னால இப்படியும் அப்படியுமா நடந்துண்டே இரும். நிக்காதேயும். நின்னா உருவம் விழும். நடந்தா ஒண்ணும் விழாது."

பிச்சையா சிரித்துவிட்டார். "ஓடுதவன விட்டுட்டு நிக்கவனப் பிடிக்குமாக்கும் உம்ம பெட்டி? நம்ம ஊரு போலீசு மாதிரில்லா இருக்கு சாமி!"

ஆனாலும் சொன்னபடி நடந்தார். பன்னிரண்டு நிமிடமும் நடந்தார். இடையில் தும்மல் வந்தது, நடந்துகொண்டே தும்மினார்.

மறுநாள் காலையில் கிடங்கின் பின்சுவரில், கடலைப் பார்த்த பக்கம், ஓர் ஆள் புகும் அளவுக்கு ஓட்டை இருந்தது. கொழும்பிலிருந்து வந்து இறங்கிய கிராம்பு மூட்டைகளில் பாதியைக் காணவில்லை. தோணியில் வந்து எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். தனக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்றார் பிச்சையா. கேட்டுக்கும் பின்சுவருக்கும் நடுவே கிடங்கின் முழு நீளம். அன்று கடல் காற்றும் பலமாக இருந்தது. ஏஜென்சி மானேஜர் பொன்னுதுரை அதை நம்பும் மனநிலையில்தான் இருந்தார்.

இரண்டு நாள் கழித்துச் சுதர்சனம் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். தன் வேலையில் அவருக்கே பெருமைதான். பொன்னுதுரை ஜன்னலோரம் கொண்டுபோய் அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது களவு போன அன்னைக்கு ராத்திரி எடுத்ததுதானே?"

"ஆமாம்."

"கேட்டுல ஆளக் காணுமே."

சுதர்சனம் விளக்கினார். பொன்னுதுரை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் அன்றைக்கே ஒரு பிரதி மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று. இன்னொன்று போலீஸுக்குப் போயிற்று. சாயங்காலம் பிச்சையாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். காவலை விட்டுவிட்டுப் போனது மட்டுமல்ல, திருடர்களுக்கு உடந்தை என்றும் சந்தேகம்.

மறுநாள் காலையில் சுதர்சனம் ஸ்டேஷனுக்குப் போனார். ஏட்டு படத்தை மேஜைமேல் வைத்து, கேட் இருந்த இடத்தில் விரலால் தட்டினார்.

"ஆள் இருந்தான்னு நீர் சொல்லுதீர். இல்லைன்னு நீர் எடுத்த படம் சொல்லுது. ரெண்டுல எது நெசம்?"

"ரெண்டும்தான் சார். நடக்கிற ஆள் இதுல விழ மாட்டான்."

"சரி, படம் எடுத்து முடிச்சு நீர் வீட்டுக்குப் போயிட்டீர். அதுக்கப்புறம் அவன் எங்க போனான்னு உமக்குத் தெரியுமா?"

தெரியாது. அதைத் தெரியும் என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை.

அங்கிருந்து நேரே ஏஜென்சிக்குப் போனார். தான் சொல்வதை நம்பாவிட்டால் செய்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். பொன்னுதுரை நியாயமான மனிதர்; ஒத்துக்கொண்டார். அன்று பொழுது மங்கும் நேரத்தில் அலுவலக முற்றத்தில் கேமராவை நிறுத்தினார்கள். வெள்ளைக் கோட்டும் வெள்ளைக் கால்சட்டையுமாக மானேஜர் தன் முற்றத்தில் தானே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். குமாஸ்தாக்கள் ஜன்னலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

படம் வந்தது. முற்றம், வேப்பமரம், படிக்கட்டு. மானேஜர் இல்லை.

பொன்னுதுரை அதையும் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நான் நடந்தேன். எனக்கே தெரியுது. உம்ம பேச்சு நெசந்தான், ஒத்துக்கிடுதேன்."

"அப்போ இதை மெட்ராஸுக்கு அனுப்பிடுங்கோ."

"அனுப்பி? பொன்னுதுரை காலி முத்தத்தப் படம் எடுத்து அனுப்பியிருக்கான், கிறுக்குப் பிடிச்சிட்டுன்னு சொல்லுவாவ. இதுல நான் இருக்கேன்னு கூடவே நான் ஒரு கடுதாசி எழுதணும். என் எழுத்த நம்புதவிய எதுக்குவே படம் கேக்கப் போறாவ?"

இருந்தும் அவர் எழுதினார். ஒரு வாரத்தில் பதில் வந்தது. அதில் படத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கிடங்குக்குப் புதுக் காவல்காரரை நியமித்துக்கொள்ள அனுமதி தந்திருந்தார்கள். பொன்னுதுரை அதைச் சுதர்சனத்திடம் படித்துக் காட்டிவிட்டு மடித்து வைத்தார். இனிமேல் இந்த விஷயமாகத் தன்னிடம் வர வேண்டாம் என்பதையும் மரியாதையாகவே சொன்னார்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் பிச்சையாவின் மனைவி சீனித்தாய் ஸ்டுடியோவுக்கு வந்தாள். கையில் சோற்று வாளி. கொழும்புக்குப் போகிறவர்கள் இரண்டு பேர் பாஸ்போர்ட் படத்துக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் போகும்வரை கதவோரம் நின்றாள்.

"சாமி, எங்க பேச்சித்தாய் மதினிக்கு ஒரு படம் செஞ்சு குடுத்தீயள்லா?"

சுதர்சனத்துக்கு ஞாபகம் இருந்தது. புருஷன் செத்து மூன்று வருஷம் ஆன பெண். பழைய குழுப் படம் ஒன்றிலிருந்து அந்தப் புருஷனைத் தனியே எடுத்து, அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல் ஒட்டி மறுபடி எடுத்துக் கொடுத்திருந்தார். எல்லா ஸ்டுடியோவிலும் செய்கிற வேலைதான்.

"அதே மாதிரி இவுகளயும் அந்தக் கேட்டுகிட்ட நிக்க வச்சுக் குடுங்க."

"அது பொய்ப் படம் ஆயிடும்மா."

"என்ன பொய்யி? செத்த மனுசன நாக்காலில உக்கார வச்சது பொய்யில்லையா? இவுக அங்கன இருந்தாக. நீங்களே பாத்திய. இருந்தவர இருந்த எடத்துல வைக்கதுல என்ன பொய்யி?"

சுதர்சனம் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தத் தொலைவில் ஆள் ஒரு தீக்குச்சி உயரம்தான் இருப்பான், முகம்கூடத் தெரியாது. ஒரு மணி நேர வேலை. ஆனால் முதல் படம் ஏற்கெனவே போலீஸ் கையில் இருக்கிறது. இரண்டாவதைக் கொண்டுபோய் வைத்தால், ஆளை ஒட்டத் தெரிந்தவனுக்கு அழிக்கவும் தெரியும் என்பார்கள். அப்புறம் அவர் வாயால் சொன்னதற்கும் மதிப்பிருக்காது. பிச்சையாவுக்கு என்று மிச்சமிருப்பது அந்த வாய்ச்சொல் ஒன்றுதான். இதையெல்லாம் அவளுக்கு மெதுவாகச் சொன்னார்.

"உங்க வாய்ச்சொல்ல யாராச்சும் கேக்காவளா சாமி?"

"இதுவரைக்கும் இல்லை."

சீனித்தாய் வாளியைத் தரையில் வைத்தாள். சுவரில் மாட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்: மாப்பிள்ளைகள், பெண்கள், நாற்காலியைப் பிடித்து நிற்கும் குழந்தைகள்.

"நடக்கச் சொன்னது நீங்கதானாமே. அவுக சொன்னாக."

"நான்தான்."

"நிக்கச் சொல்லியிருந்தா விழுந்திருப்பாகளா?"

"விழுந்திருப்பார்."

"எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"நாலஞ்சு நிமிஷம் அசையாம நின்னாலே போதும்."

அவள் தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஸ்டேசன்ல உக்காரவே விட மாட்டங்காவளாம். ராவும் பகலும் நிக்கச் சொல்லுதாவ. காலு ரெண்டும் வீங்கிப் போயிருக்கு."

வெளியே வெயிலில் கண் கூசியது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, சோறு கொடுக்கவாவது விடுவார்களா என்று பார்க்க ஸ்டேஷனை நோக்கி நடந்தாள். கூடவே போக வேண்டும் என்றுதான் சுதர்சனம் வாசல்வரை வந்தார். போய் அங்கே என்ன சொல்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டார்.