கடைசிப் படத்தில் இருந்தவள்

காலர் பித்தானை மாட்டிவிட்டு, கணவரின் சட்டையை நெஞ்சோடு நீவிவிட்டாள் அவள். வெள்ளைச் சட்டை. உயிரோடு இருந்தவரை அதைப் போடச் சொல்லி அவள் கெஞ்சாத கல்யாணம் இல்லை.

"அப்பா வெள்ளை போடமாட்டாரேம்மா. மிருகம் மிரண்டுடும்னு சொல்வார்," என்றாள் மகள்.

"இன்னிக்கு மிருகம் எதையும் கூப்பிடலை. அந்தக் கையைக் கொஞ்சம் தூக்கு."

இறந்துபோனவர் காட்டு மிருகங்களைப் படமெடுத்தவர். அவரைப் பற்றி எதைச் சொன்னாலும் ஜனங்கள் நம்புவார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஒருமுறை மரக்கிளையில் அசையாமல் உட்கார்ந்திருந்ததில், ஒரு குருவி அவர் தொப்பியில் கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. குஞ்சுகள் பறக்கும்வரை அவர் இறங்கவில்லை, தும்மலைக்கூடத் தள்ளிப்போட்டார். மகள் பிறந்தது குஞ்சு பொரித்த அன்றுதான்.

குருவியை மனைவி மன்னித்துவிட்டாள். மன்னிக்காதது ஒரு சிறுத்தையை. ஆற்றுக்கு அப்பால் பாறைக்காட்டில் இருந்த பெண் சிறுத்தை. வருஷக்கணக்காக அவர் அதன் பின்னாலேயே சுற்றினார். அதன் எந்த விலாவில் எத்தனை புள்ளி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மனைவிக்கு எந்தக் கன்னத்தில் மச்சம் என்று கேட்டால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். வீட்டில் அந்தச் சிறுத்தைக்கு 'சின்ன வீடு' என்று பெயர். வைத்தவள் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் வெட்கப்பட்டார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் இந்தக் கட்டிலில்தான், காய்ச்சல் முற்றி அவர் உயிர் போனது. மூச்சு அடங்குமுன் கண்ணைத் திறந்து, "மரத்துல கட்டின கேமராவை எடுத்துட்டு வரச் சொல்லு," என்றார். அவ்வளவுதான். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், "கடைசியா என் பேரைத்தான் சொன்னார்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே பாதி நம்பிக்கை வந்திருந்தது.

ஜீப் டிரைவர் உள்ளே வந்தார். இறந்தவரோடு காடெல்லாம் அலைந்து நரைத்துப்போன மனிதர். தோளில் கேமரா, கையில் தாள் சுற்றிய பெரிய படச்சட்டம்.

"கேமராவைக் கழட்டிட்டு வந்துட்டேன் அண்ணி. அண்ணனோட கடைசிப் படம். வர்ற வழியிலேயே பிரிண்ட் போட்டேன். தலைமாட்டுல வச்சா வர்றவங்க பார்ப்பாங்க."

"யாரு படம்?"

டிரைவர் தரையைப் பார்த்தார்.

"அவளா?"

"அண்ணி..."

"இருந்தப்பதான் பங்குக்கு வந்தா. இன்னிக்கு ஒருநாளாவது எனக்கு முழுசா விடக்கூடாதா? வெளியே கொண்டு போங்க."

"அம்மா, எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். அவளைப் பார்க்கிறதுக்கு என்னைப் பார்க்கலாம்."

டிரைவர் கேமராவின் சின்னத் திரையை அவள் பக்கம் திருப்பினார். "இதுக்கு முன்னாடி விழுந்த படங்களையும் பார்த்துட்டுத் திட்டுங்க அண்ணி."

மரத்தில் கட்டும் அந்தக் கேமரா, எதிரில் எது நகர்ந்தாலும் தானாகவே படமெடுக்கும். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, கட்டிய ஆளே சிறுத்தை உயரத்துக்குக் குனிந்து அதன்முன் தவழ்ந்து போகவேண்டும்.

திரையில் அவள் கணவர் ஈர மண்ணில் நாலு காலில் வந்துகொண்டிருந்தார். தலையில் ஓர் இலை. அடுத்த படத்தில் தோளுக்கு மேலாகத் திரும்பிக் கேமராவைப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூடக் காணாத மாப்பிள்ளை முறுக்கு, நாலு காலிலும் இருந்தது.

"முட்டி வலின்னு மாடிப்படி ஏறமாட்டேன்னார்," என்றாள்.

அதற்கடுத்த படத்தில் அவர் இல்லை. அதே மண். அவர் கை பதிந்த இடத்தைச் சிறுத்தை முகர்ந்துகொண்டிருந்தது.

அவள் கேமராவை வாங்கி மூக்கருகே வைத்துக்கொண்டாள். சிறுத்தையின் ஒரு காது கிழிந்திருந்தது. வாயோரம் வெளுத்திருந்தது. அடிவயிறு தொங்கி, இடுப்பெலும்பு தோலைக் குத்திக்கொண்டு நின்றது.

"இவளுக்கு வயசாயிடுச்சா?"

"எப்பவோ ஆயிடுச்சு அண்ணி. மானெல்லாம் பிடிக்க முடியலை. எலி, முயல்னு காலத்தை ஓட்டுறா."

"என்கிட்ட சொல்லவே இல்லையே. குமரிப்பொண்ணு மாதிரில்ல வர்ணிச்சிட்டிருந்தார்."

"காட்டுல உங்களைப் பத்தியும் அப்படித்தான் பேசுவார்."

அவள் டிரைவரின் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லிப் பழகிய முகம்தான். காலையிலிருந்து தானும் அதையே செய்துகொண்டிருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை.

மகள் தாளைப் பிரித்தாள். "எங்கேம்மா வைக்க?"

"காலடியில வை."

வைத்தார்கள். சிறுத்தை தலை குனிந்து, அவருடைய பாதங்களுக்குப் பக்கத்தில் மண்ணை முகர்ந்துகொண்டிருந்தது. மனைவி நாற்காலியைத் தலைமாட்டுக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து அது நேராகத் தெரிந்தது. குறுக்கே யாராவது வந்து நின்றபோதெல்லாம், "சித்த தள்ளி நில்லுங்க," என்றாள்.