இடைவழியில் ஒரு கை

வெள்ளைக் கையுறையின் பொத்தானை வெர்லீன் போட்டுக்கொண்டிருந்தபோது பாஸ்டர் குவிட்மன் முன்கூடத்துக்கு வந்தார். ஆராதனை தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது.

"சிஸ்டர் வெர்லீன், மாவட்டக் கமிஷனர் ப்ரூவிட் வர்றார். முன்வரிசையில உக்கார வைங்க. பாட்டு முடிஞ்சதும் மேடைக்குக் கூப்பிடுவேன். ரெண்டு வார்த்தை பேசட்டும்."

"அதுல ஒரு வார்த்தை ஓட்டுதானே? வரிவிலக்கு வாங்குற சபை யாருக்கும் ஓட்டுக் கேக்கக் கூடாது, அது சட்டம்னு சொல்லி, போன தேர்தல்ல ஓட்டுக் கேக்க வந்த என் தங்கச்சி மகனை வாசல்லயே நிறுத்தினீங்க."

"இப்ப அதையெல்லாம் யாரும் கண்டுக்கிறதில்லம்மா. நம்ம ரோட்டுக்குத் தார் போடறேன்னு வேற சொல்லியிருக்கார்."

"எதுக்கு? இருபத்திரண்டு மைல் சொகுசா போய் ஓட்டுப் போடவா?"

நாற்பது வருடமாக இந்தச் சபையின் சாப்பாட்டுக்கூடத்தில்தான் ஊர் ஓட்டுப் போட்டது. காப்பி அண்டாவுக்குப் பக்கத்தில் ஓட்டுப்பெட்டி இருக்கும். போன வசந்தத்தில் ஒரே கையெழுத்தில் அந்தச் சாவடியை மூடி, இருபத்திரண்டு மைல் தள்ளியிருக்கும் மாவட்டத் தலைநகருக்கு மாற்றியவர் ப்ரூவிட். சபையில் பாதிப் பேருக்குக் கார் கிடையாது.

"அந்த பேட்ஜை வேற யாருக்காவது குடுக்க வேண்டி வரும், சிஸ்டர்" என்று பாஸ்டர் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். முப்பத்தோரு வருடமாக அவள் நெஞ்சில் இருக்கும் பேட்ஜ் அது. தலைமை வரவேற்பாளர்.

ப்ரூவிட் வந்தார். வெர்லீன் அவரைக் கடைசி வரிசையில், ஒடெஸாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். எண்பத்தாறு வயது ஒடெஸா தான் ஊன்றி நடக்கும் நடைச்சட்டத்தை இம்மிகூட நகர்த்திக்கொடுக்கவில்லை.

ஆராதனை நேரத்தில் வரவேற்பாளர்கள் வாய் திறப்பதில்லை, எல்லாம் கைச்சைகைதான். இடைவழியின் குறுக்கே கை நீண்டால் யாரும் நகரக் கூடாது. பாஸ்டரின் மனைவிகூட ஒருமுறை அழும் குழந்தையோடு அந்தக் கைக்கு முன்னால் காத்து நின்றிருக்கிறாள்.

பாட்டு முடிந்தது. "நம்ம நண்பர் ப்ரூவிட் மேல வரணும்" என்றார் பாஸ்டர். ப்ரூவிட் தன் கோட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். வெர்லீன் இடைவழியில் இறங்கி நின்று கையை நீட்டினாள்.

"என்னைக் கூப்பிட்டாங்கம்மா" என்று ப்ரூவிட் சிரித்தார். அவள் அவரைப் பார்க்காமல் மேடையைப் பார்த்தபடி நின்றாள்.

"சிஸ்டர் வெர்லீன்!" மேடையிலிருந்து குரல் உயர்ந்தது.

கை இறங்கவில்லை. ஆர்கன் வாசிப்பவர் கட்டையிலிருந்து விரலை எடுக்க மறந்திருந்தார். "அப்படித்தான் நில்லு, பொண்ணே!" என்று யாரோ சொன்னார்கள். இடப்பக்க இடைவழியில் இன்னொரு வெள்ளைக் கையுறை நீண்டது. பிறகு வலப்பக்கத்தில் ஒன்று.

பாஸ்டர் மேடையிலிருந்து இறங்கி அவளை நோக்கி நடந்து வந்தார். நீட்டிய கையின் தோள் வலித்தது. பேட்ஜின் ஊசி துணிக்குள் குத்துவதை வெர்லீன் உணர்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒடெஸா முனகியபடி எழுந்தாள். தரையில் உரசாமலிருக்கக் கால்களில் பச்சை டென்னிஸ் பந்துகள் செருகிய அவளுடைய நடைச்சட்டம் மெல்ல நகர்ந்து வந்து, இடைவழியின் நட்டநடுவில் நின்றது.