அமலி ஒளித்துவைத்த பூட்டு

அமலி மூன்றாவது முறையாகப் பாஸ்வேர்டைத் தட்டினாள். 'தவறு' என்றது திரை.

இன்னும் பதினான்கு நிமிடம்.

பீளமேட்டில் அவளுடைய ஒற்றை அறை ஆபீஸ். காலை பத்தரை மணி. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் கழுத்து நனைந்திருந்தது. வந்திருந்த எச்சரிக்கையை மறுபடி படித்தாள்.

'லட்சுமணசாமி ஆம்புலன்ஸ். புரோகிராம் வேறு சர்வருக்கு மாறிவிட்டது. அரை மணி நேரத்தில் அனைத்தும் அழியும்.'

பூட்டை வைத்தவளே அவள்தான். முதல் வாடிக்கையாளரே அவள் எழுதிய புரோகிராமை நகலெடுத்து நாலு பேருக்கு விற்ற பிறகு, விற்கிற ஒவ்வொரு வெப்சைட்டுக்குள்ளும் இப்படி ஒன்றை ஒளித்துவைத்தாள். இடம் மாறினால் தன்னையே அழித்துக்கொள்ளும். வாங்கியவர்களிடம் மூச்சு விட்டதில்லை.

லட்சுமணசாமிக்கு ஒன்பது வண்டிகள். வால்பாறை மலையிலிருந்து நோயாளியோடு இறங்கும் டிரைவருக்கு எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்று காட்டுவது அந்த வெப்சைட்தான்.

சொன்னால் பொள்ளாச்சி வரை ஒருத்தரும் இனி வேலை தரமாட்டார்கள். சொல்லாவிட்டால்?

லட்சுமணசாமியைப் போனில் அழைத்தாள்.

"ஏனுங்க அம்மணி, காத்தாலயே கூப்புடறீங்க? சாப்டாச்சுங்களா?"

"அண்ணா, சர்வர் மாத்துனீங்களா? புதுப் பாஸ்வேர்டு உடனே வேணுங்க!"

"எதுக்குங்க?"

"உங்க சைட்டுக்குள்ள நான்... ஒரு பூட்டு வெச்சிருக்கேனுங்க. பத்து நிமிசத்துல எல்லாத்தையும் அழிச்சுப்போடும். தப்புதாங்கண்ணா. அப்புறமாத் திட்டுங்க, இப்பப் பாஸ்வேர்டைக் குடுங்க!"

மறுமுனையில் சிரிப்பு.

"அதை என்ற மருமகன் போன மாசமே கண்டுபுடிச்சுத் தூக்கிப்போட்டானுங்களே! பாஸ்வேர்டையும் மாத்திப்போட்டோம். நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான் கம்முனு இருந்தேன். ஊட்டையும் வித்துப்போட்டு, உள்ள பாம்பையும் உட்டுட்டுப் போயிருக்கறீங்க!"

"அப்ப... சர்வர் மாத்தலீங்களா?"

"இல்லீங்க. பழைய இடத்துலயேதான் ஓடுது. வண்டியெல்லாம் நல்லாப் போயிட்டிருக்குதுங்க."

அமலிக்கு மூச்சு வந்தது. திரையைப் பார்த்தாள். வந்த மூச்சு நின்றது.

ஆறு நிமிடம். எண்கள் இறங்கிக்கொண்டுதான் இருந்தன.

எச்சரிக்கையின் அடியிலிருந்த சர்வர் முகவரியை அழுத்தினாள்.

'ஃபஹீமா ஆக்சிஜன், ஆனைமலை.' வீட்டில் படுத்திருக்கும் அறுபத்திரண்டு நோயாளிகள். யாருக்கு எத்தனை மணிக்குச் சிலிண்டர் தீரும் என்ற பட்டியல். இன்று காலை இடம் மாறியது இதுதான். புதுப் பாஸ்வேர்டு அதை நடத்தும் ஃபஹீமாவிடம் மட்டும்.

அழைத்தாள். பிஸி. மறுபடி அழைத்தாள். பிஸி.

"மாதாவே..."

புரோகிராமை யாரும் திருடவில்லை. போன மாதம் ஆம்புலன்ஸ் புரோகிராமை அப்படியே நகலெடுத்து, "உங்களுக்காகவே எழுதினதுங்க்கா" என்று ஃபஹீமாவிடம் விற்றவள் அமலியேதான். பூட்டுக்குள் இருந்த லட்சுமணசாமியின் பெயரை மட்டும் மாற்ற மறந்திருந்தாள்.